குங்குமம் இறங்கிய கித்தார்

கிள்ளான்
12.5.1979

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயராஜுக்கு,

மாமா எழுதுவது. வீட்டில் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உனக்குச் சிங்கப்பூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று உன் அத்தை தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று நானும் தினமும் சொல்கிறேன். எழுது.

நீ பாதியில் விட்டுப் போன எலெக்ட்ரிக் கித்தாரைக் கலா முடிக்கப் போகிறாள். விஷயம் இதுதான். கடைப் பின்கட்டில் சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் அது சாக்கு சுற்றிக் கிடந்தது. சாக்கின் அடியில் கரையான் மண்ணைப் பார்த்தேன். தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மேசையில் வைத்து, தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். கடையிலிருந்து நான்கு ரக உப்புத்தாள் போயிருக்கிறது. பில் போடவில்லை. நானும் பார்க்காதது போல் இருக்கிறேன்.

நீ சனிக்கிழமைகளில் போய் வாசிப்பாயே, பிரிக்பீல்ட்ஸ் அய்யாவுவின் கல்யாண வாத்தியக் கோஷ்டி, அந்த அய்யாவு வந்திருந்தான். கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் மெராந்திப் பலகைதான் அண்ணே, கித்தார் ஆகல லா" என்றான். "ஆகட்டும், அப்ப வாங்க" என்றாள் கலா.

பந்திங்கிலிருந்து கலாவைப் பெண் கேட்டு ஓர் இடம் வந்தது. பையன் மின்சார வாரியத்தில் வேலை. நல்ல இடம்தான். அக்கா போன நாளிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்த அக்கா மகன் இருக்கும்போது வெளியே எதற்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மாமா,
வேலாயுதம்


சிங்கப்பூர்
2.6.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தையிடம் என் வயிறு நன்றாக இருப்பதாகச் சொல்லவும். கப்பல் பட்டறையில் வெல்டிங் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். கண் கொஞ்சம் எரிகிறது, மற்றபடி சுகம்.

கித்தார் விஷயத்தில் அவசரமில்லை. சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும். செய்வதானால், தேய்த்து முடித்தபின் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நார் எழும்பும். காய்ந்ததும் மறுபடி தேய்த்தால்தான் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்காது. மெராந்தி மரத்துக்கு நுண்துளைக் கண் பெரிது, ஆகவே முதலில் கண்ணை அடைக்க வேண்டும். நிறம் ஒரே சிவப்பாக வேண்டாம். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருஞ்சிவப்பு. துணியைச் சுருட்டி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வெளியே வர வேண்டும். நிறுத்தினால் கோடு விழும்.

கடை வியாபாரம் எப்படி? நாய்க்குட்டி வளர்ந்துவிட்டதா?

தங்கள்,
ஜெயராஜ்


கிள்ளான்
20.6.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கண்ணுக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் படுக்கச் சொல்கிறாள் அத்தை. நாய் வளர்ந்துவிட்டது, ரொட்டிக்காரனைக் கடித்தும் விட்டது.

நீ எழுதியதை நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கலா கடிதத்தைக் கையிலிருந்து வாங்கித் தானே படித்துக்கொண்டாள். என் பழைய பனியன் மூன்று கிழிந்தது. வீணான பலகைத் துண்டுகளில் ஒரு வாரம் சாயம் தேய்த்துப் பழகினாள். அப்புறம்தான் கித்தாரைத் தொட்டாள். நிறம் நீ சொன்னபடி வந்திருக்கிறது. சரக்கில் குறை கண்டுபிடித்தே சம்பாதித்தவன் நான். இதில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஆனால் சாயம் அவள் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கையுறை போடு என்றால் துணியின் பிடி தெரியாது என்கிறாள். நேற்று ஆணி வாங்க வந்த வீரம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மருதாணியா? தேதி வச்சாச்சா? எங்களுக்குச் சொல்லவே இல்ல" என்று கேட்டாள். கலா ஆணியை நிறுத்துக் கொடுத்தாள். கால் கிலோ அதிகம் போட்டுவிட்டாள்.

உன் லீவு எப்போது என்று எழுது. இரவு பஸ் ஏறினால் விடியும்போது இங்கே இருக்கலாம்.

மாமா


சிங்கப்பூர்
5.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஓவர்டைம் அதிகம். அனைவர் நலமும் அறிய விருப்பம்.

உறையின் பின்னால் எழுதியுள்ள முகவரிக்கு இனிமேல் எழுதவும். பட்டறை விடுதியை விட்டு இந்த ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயத்துக்கு மேல் பளபளப்புக்கு லேக்கர் மெல்லியதாக ஏழெட்டுப் பூச்சு வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. மழை நாளில் அடித்தால் வெள்ளை பூக்கும், கவனம். நிறம் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? கித்தாரை மட்டும் எடுத்தால் போதும்.

தங்கள்,
ஜெயராஜ்


கிள்ளான்
14.8.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தைக்கு மூட்டு வலி, பழைய வலிதான்.

படம் இத்துடன் இருக்கிறது. கித்தாரை மட்டும் எடு என்று ஸ்டூடியோக்காரனிடம் சொன்னேன். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றான். அதனால் கலாவின் இரண்டு கை விழுந்திருக்கிறது. அதை வெட்டி எடுக்க முடியாது.

வெள்ளை பூக்கும் என்று நீ எழுதியது வருவதற்கு முன்பே பூத்துவிட்டது. மத்தியானம் பூசினாள், சாயங்காலம் மழை. மேலே மாவு தூவின மாதிரி ஆயிற்று. கடையில் ஆள் இருக்கும்போது என்னிடம் வந்து, "அப்பா, மழ மேல மட்டும் பழி போடாதீங்க. லேக்கர்ல கலக்குற உங்க தின்னர் மட்டம். மலிவா வாங்கி டின்ல ஊத்தினா இப்படித்தான்" என்றாள். இரண்டு வாடிக்கையாளர் காதில் விழுந்தது. ஒருவர் வாங்கின டின்னைத் திரும்ப வைத்துவிட்டார். சொந்த மகளே இப்படிச் சொன்னால் கடை உருப்படுமா? இப்போது மெதுவாகக் காயும் நல்ல தின்னர் வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஒற்றை ஆளுக்கு அரசாங்க ஃப்ளாட் கொடுக்க மாட்டார்கள் என்று லோரிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நீ எந்த வகையில் அங்கே இருக்கிறாய்?

மாமா


கிள்ளான்
4.10.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று அத்தை சொல்கிறாள். நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முன்னால் கலா கடைசிப் பூச்சை முடித்துவிட்டாள். மெதுவாகக் காயும் தின்னர் என்பதால் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே பச்சைதான். பூஜையன்று அத்தை தராசு, கல்லாப் பெட்டி, இரும்பு வெட்டும் ரம்பம், லோரி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு போனாள். மேசை மேல் இருந்த கித்தாரின் மேல் ஓரத்திலும் கட்டை விரலால் அழுத்தி நல்ல பெரிய பொட்டாக வைத்துவிட்டாள். நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். மறுநாள் துடைத்தால் சந்தனம் வந்தது. சிவப்பு வரவில்லை. லேக்கருக்குள் இறங்கிவிட்டது, அத்தையின் விரல் ரேகையோடு.

கலா உப்புத்தாளை எடுத்தாள். அத்தை குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"வச்ச பொட்ட அழிக்கிறதா? கல்யாணம் ஆகாத பொண்ணு கையாலயா? கைய எடுடி."

"அம்மா, இது கித்தாரு."

"அது யாரு கித்தாருன்னு எனக்குத் தெரியும்."

அத்தோடு கலா தாளைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கு இந்தச் சகுனங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தும் அழி என்று என் வாயில் வரவில்லை. ஏன் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

தந்தியும் கட்டியாயிற்று. அய்யாவு வந்து வாசித்துப் பார்த்தான். இருநூறு தருகிறேன் என்றான். "அது அத்தானோட சாமான், விக்கிறதுக்கு இல்ல" என்று கலா சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்கு வா. உனக்கு வேட்டி சட்டை எடுத்தாயிற்று.

மாமா


சிங்கப்பூர்
15.10.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். லீவு கிடைக்கவில்லை. தீபாவளிக்கு வர இயலாது. அத்தை மன்னிக்க வேண்டும்.

ஃப்ளாட் ஒரு நண்பருடையது. அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

பொட்டு இருந்தால் இருக்கட்டும். அந்த இடத்தில் வாசிக்கும் கை மறைத்துக்கொள்ளும். கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி ஏதாவது இரைகிறதா என்று அய்யாவுவிடம் கேட்டு எழுதவும்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்து.

ஜெயராஜ்


கிள்ளான்
8.11.1979

ஜெயராஜுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று தகவல் வந்துவிட்டது.

சிங்கப்பூருக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போகும் லோரி டிரைவர் தம்புசாமியை உனக்குத் தெரியும். தீபாவளி முடிந்து போனவனிடம், அத்தை சுட்ட முறுக்கை ஒரு டின்னில் போட்டு உன் முகவரியைக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். என்னடா என்றேன்.

"அண்ணே, கதவ ஒரு பொண்ணு தொறந்துச்சு. கழுத்துல தாலி. மாசமா இருக்குது. அவங்க ஷிப்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி டின்ன வாங்கிக்கிச்சு. உக்கார வச்சுக் காப்பி வேற குடுத்துச்சு லா. நல்ல பொண்ணா இருக்குது அண்ணே."

நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உன்னிடம் பேச வேண்டியதைப் பேசுகிறேன். வாடிக்கையாளன் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு கடைக்கு வருவான். நாம் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சரக்கு நகரும். இந்த வித்தையை இருபது வருடமாகச் செய்கிறவன் நான். நீ என் கடையில் நின்று படித்ததை என் வீட்டிலேயே நடத்திக் காட்டிவிட்டாய். கண்ணை அடை, வட்டமாகத் தேய், ஏழு பூச்சு அடி என்று எழுத உனக்குத் தாள் இருந்தது.

கலாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். தம்புசாமியின் வாயையும் கட்டியிருக்கிறேன். நீயே அவளுக்கு எழுது. அவள் பெயருக்கு எழுது. இதுவரை ஒரு கடிதத்தில்கூட அவள் பெயரை நீ எழுதவில்லை என்பதை நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் படித்தபோதுதான் கண்டேன்.

வேலாயுதம்


சிங்கப்பூர்
18.12.1979

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கலாவுக்கு எழுத என்னால் முடியவில்லை. தங்களுக்கே எழுதுகிறேன்.

அவள் பெயர் மீனலோசனி. பட்டறை ஸ்டோரில் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் வீட்டிலும் சம்மதம் இல்லை, இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. சித்திரையிலேயே ரிஜிஸ்தர் செய்துவிட்டோம். தங்கள் முதல் கடிதம் எனக்குக் கிடைத்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

நான் சாப்பிட்டது தங்கள் சோறு. அதை மறுக்கவில்லை. ஆனால் மாமா, கலாவைக் கட்டிக்கொள்கிறாயா என்று இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படி இல்லை என்று சொல்வேன்? சொல்லியிருந்தால், கேட்காமலே இவன் ஏன் சொல்கிறான் என்று அத்தை கேட்டிருப்பார்.

கித்தாரைப் பற்றி எழுதியது தந்திரம் இல்லை. அது முடிய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜெயராஜ்


கிள்ளான்
3.1.1980

ஜெயராஜ் அவர்களுக்கு,

சந்திரகலா எழுதுவது. நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரசவம் நல்லபடியாக நடக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா படித்துவிட்டு அதைக் கல்லாப் பெட்டியின் மேல் பிரித்தபடியே வைத்துவிட்டு வங்கிக்குப் போனார். வங்கி அன்றைக்கு விடுமுறை. நான் படித்துக்கொண்டேன்.

யாரும் உங்களைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. பெண்ணைப் பெற்றவர் வாய் விட்டுக் கேட்டால் மரியாதை இல்லை என்று அப்பா இருந்துவிட்டார். சிமெண்டு மூட்டைக்கு இரண்டு காசு அதிகம் கேட்கக் கூச்சப்படாதவர் அவர். பந்திங் பையனுக்குக் கார்த்திகையில் கல்யாணம் நடந்துவிட்டது. பத்திரிகை எங்களுக்கும் வந்தது.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறைதான். ஜூனில் 'அவசரமில்லை' என்று எழுதினீர்கள். 'வேண்டாம்' என்று எழுதியிருக்கலாம். எனக்குப் புரிந்திருக்கும்.

பொட்டைத் தேய்த்து எடுத்துவிட்டேன். அம்மா அப்போது வீட்டில் இருக்கவில்லை. நான் தாளை நனைப்பதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார், வரும்போது அழுதிருந்தார். சோப்புத் தண்ணீர் தொட்டு மெல்லத்தான் தேய்த்தேன். குங்குமம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. சிவப்பு போகும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெறும் மரம் தெரிந்தது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சாயம் வைத்துப் பூச்சு அடித்து மெருகேற்றினேன். நேரே பார்த்தால் தெரியாது. விளக்கின் கீழ் சாய்த்தால் தெரியும். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

கழுத்து நேராக இருக்கிறது. தந்தி இரையவில்லை. கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதினேன். வந்து வாங்கிக்கொள்ளும்படி நாளை அய்யாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

சந்திரகலா


சிங்கப்பூர்
12.1.1980

மாமாவுக்கு வணக்கம்.

கலாவின் கடிதம் கிடைத்தது. அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கித்தாரை அய்யாவுக்குக் கொடுக்க வேண்டாம். நானே எடுத்துக்கொள்கிறேன். என்ன விலை சொன்னாலும் சரி. தம்புசாமி வரும்போது கொடுத்தனுப்பவும். பொங்கல் வாழ்த்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜெயராஜ்


கிள்ளான்
25.1.1980

ஜெயராஜுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் வீட்டிலும் தாயும் வயிற்றுப் பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டும். பொங்கல் வைத்தோம். அத்தை அடுப்புப் பக்கமே இருந்தாள்.

உன் கடிதத்தைக் கலாவிடம் காட்டினேன். "யார் வாங்கினா என்னப்பா, காசு குடுத்தா சரி" என்றாள். ரவாங்கிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது என்று சொன்னேன். இந்த வருடம் பார்க்க வேண்டாம் என்றாள். அடுத்த வருடம் என்று நான் கேட்கவில்லை. இப்போது பெயின்ட் பக்கம் முழுவதும் அவள்தான் நிற்கிறாள். யாராவது மரச்சாயம் கேட்டு வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள்.

அய்யாவு போன வாரம் வந்து கித்தாரை விளக்கின் கீழ் சாய்த்தான். அந்த இடத்தைப் பார்த்துவிட்டான். என்ன அண்ணே இது என்று கேட்டான். விழுந்தது என்றேன். அதற்காக இருபது வெள்ளி குறைத்தான். அவன் கடைசியாகச் சொன்ன விலைதான் உனக்கும். அக்கா மகனுக்கு என்று நான் குறைக்கவும் இல்லை, நீ செய்ததற்கு என்று கூட்டவும் இல்லை. இனி இது வியாபாரம். இதற்குப் பிறகு கடிதம் எழுத வேண்டாம். பணம் வந்தால் அதுவே பதில்.

தம்புசாமி பிப்ரவரி முதல் சனிக்கிழமை உன் ஃப்ளாட்டுக்கு வருவான். விலை நூற்று எண்பது வெள்ளி. லோரிக் கூலி உன்னுடையது. முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் சாக்கை அவிழ்ப்பான். கலாவின் கூலி இந்த விலையில் இல்லை. போட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

வேலாயுதம்